சர்க்கரையும் வயதும் சேர்ந்தால் ரத்தக்குழாய் ஏன் முளைப்பதில்லை? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணைப் பற்றி எழுதியபோது, ரத்தக்குழாய்களைச் சரிசெய்ய வேண்டிய ஸ்டெம் செல்களையும் (புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள்) சர்க்கரை பழுதாக்குகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டிருக்கின்றன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

அப்பாவுக்கு 68 வயது, 18 வருடமாகச் சுகர். செருப்பு கடித்து இடது கால் கட்டைவிரலில் வந்த சின்னப் புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. ஆஞ்சியோ எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே ரத்தக்குழாய்கள் பல இடத்தில் அடைத்திருக்கின்றன என்றார்கள். நான் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து காலைக் கிழித்துக்கொண்டால் பத்து நாளில் ஆறிவிடும். அப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படி?
ஒரு மகன், திண்டுக்கல்

தம்பி, புண் ஆறுவது என்றால் தோல் மூடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தோல் மூடுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் புதிய ரத்தக்குழாய்கள் வந்தாக வேண்டும். ஆறிக்கொண்டிருக்கிற புண்ணைக் கழுவிப் பார்த்தால் அடியில் சிவப்பாக, குருணை குருணையாக, பஞ்சு பட்டாலே லேசாக ரத்தம் கசிகிற சதை தெரியும். அந்தச் சிவப்பு, புதிதாக முளைத்த நுண்குழாய்களால் வருவது. அப்பாவின் புண்ணில் அடிப்பகுதி வெளிறியோ மஞ்சளாகவோ இருந்தால் அங்கே அந்த முளைப்பு சரியாக நடக்கவில்லை.

ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் எண்டோதீலியம் என்ற படலம் இருக்கிறது. அது சேதமானால் பக்கத்துச் செல்கள் பெருகி இடத்தை மூடும், பெரியவர்களின் உடம்பில் அவ்வளவுதான் நடக்கும் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 1997ல் பாஸ்டனில் அசஹாராவும் ஜெஃப்ரி இஸ்னரும் அவர்கள் குழுவும், பெரியவர்களின் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் சில செல்களைப் பிரித்தெடுத்து, அவை எண்டோதீலியச் செல்களின் குணங்களைப் பெறுகின்றன, ஆய்வக விலங்குகளின் ரத்தம் குறைந்த காலில் புதுக் குழாய்கள் உருவாகும் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன என்று காட்டினார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பி வந்து ரத்தக்குழாயைக் கட்டும் ஸ்டெம் செல் வகை என்று உலகமே பரபரத்தது. அடுத்த பத்தாண்டுகளில் படம் கொஞ்சம் மாறியது. அப்படிப் பிரித்தெடுத்த செல்களில் பெரும்பாலானவை வெள்ளணு வம்சத்தைச் சேர்ந்தவை, அவை தாமே குழாய்ச் சுவராக மாறுவது குறைவு, அடிபட்ட இடத்துக்குப் போய் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரந்து உள்ளூர்ச் செல்களை வேலை செய்ய வைப்பதுதான் அவற்றின் முக்கியப் பங்கு என்று தெரிந்தது. உண்மையாகவே குழாயாக மாறக்கூடிய செல்களும் ரத்தத்தில் உண்டு, ஆனால் மிக மிக அரிது.

சரி, சர்க்கரை இதில் எங்கே கைவைக்கிறது? ஒரு இடத்தில் என்று சொல்ல முடியாது, வழி நெடுகவும் கைவைக்கிறது. காலில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள செல்களில் ஹெச்.ஐ.எஃப்.-1 என்ற புரதம் தேங்கும், அது வி.இ.ஜி.எஃப்., எஸ்.டி.எஃப்.-1 போன்ற அழைப்புப் புரதங்களைச் சுரக்க வைக்கும், அந்த அழைப்பு ரத்தத்தின் வழியாக மஜ்ஜைக்குப் போகும். சர்க்கரை அதிகமாக இருக்கும் செல்லில் ஹெச்.ஐ.எஃப்.-1 தன் வேலையைச் சரியாகச் செய்ய முடிவதில்லை. குளுக்கோஸ் சிதையும்போது உண்டாகும் மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள், அதோடு சேர்ந்து வேலை செய்யும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு கெடுத்துவிடுகிறது. ஆக, ஆக்சிஜன் இல்லாமல் கால் தவித்தாலும் அழைப்பு பலவீனமாகத்தான் போகிறது. மஜ்ஜையிலிருந்து செல்கள் வெளியேற நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு வேண்டும், சர்க்கரை நோயில் அதுவும் குறைகிறது. மஜ்ஜைக்குள்ளே ஓடும் நுண்குழாய்களும் நரம்புகளும்கூடக் காலப்போக்கில் கெடுகின்றன. காலில் நரம்பு மரத்துப்போகிற அதே நோய் எலும்புக்குள்ளும் நடக்கிறது என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டோம்.

இத்தனையும் தாண்டி வெளியே வந்த செல்லாவது நன்றாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2002ல் நியூயார்க்கில் ஒரு குழு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து இந்தச் செல்களை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தது. நோய் இல்லாதவர்களின் செல்களோடு ஒப்பிட்டால் அவை பெருகியது 48 சதவீதம் குறைவு. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பெருக்கமும் குறைந்தது. ரத்தக்குழாய்ச் செல்களோடு சேர்த்துத் தட்டில் விட்டபோது, அவை சேர்ந்து கட்டும் குட்டிக் குழாய்களில் போய் இடம்பிடித்ததும் குறைவுதான். எனக்கு இந்த ஆய்வு முக்கியமாகப் படுவதற்குக் காரணம், செல்களை உடம்பைவிட்டு வெளியே எடுத்து நல்ல ஊட்டம் கொடுத்து வளர்த்த பிறகும் குறை போகவில்லை என்பதுதான். சர்க்கரை நோயின் தடம் செல்லுக்குள்ளேயே பதிந்திருக்கிறது.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். முழங்காலுக்குக் கீழே அடைப்பு என்றால், பலூன் வைத்துத் திறக்க முடியுமா, பைபாஸ் செய்ய முடியுமா என்று ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் உடனே கேளுங்கள். பாதம் வரைக்கும் ஒரு குழாயிலாவது ரத்தம் நேராக வந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். மூன்று மாதம் என்பதே அதிகம். இனி தள்ளிப்போடாதீர்கள்.

எனக்கு 72 வயது. சுகர் இல்லை, பிரஷர் மட்டும். வயதானாலே இந்தச் செல்கள் குறைந்துவிடுமா, அல்லது எல்லாம் சர்க்கரையின் வேலையா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, காரைக்குடி

வயது தனியாகவும் செய்யும் அம்மா. ஆக்சிஜன் குறையும்போது எழும் அழைப்பு வயதான உடம்பில் மந்தமாகிறது, நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, செல்கள் பெருகும் வேகமும் குறைகிறது. இளம் எலிக்கும் கிழ எலிக்கும் ஒரே மாதிரி காலின் ரத்தக்குழாயை நூலால் முடிச்சுப் போட்டு அடைத்துவிட்டுப் பார்த்தால், கிழ எலியின் காலில் மாற்றுப்பாதைக் குழாய்கள் மெதுவாக, குறைவாக வளர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறார்கள்.

மனிதர்களில் இன்னொரு சங்கதி உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். மஜ்ஜையில் ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் ஆயுள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கின்றன, பிரியும்போது மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்கின்றன. டெட்2, டி.என்.எம்.டி.3ஏ போன்ற சில மரபணுக்களில் பிழை விழுந்தால் அந்த ஒரு செல்லின் வாரிசுகள் மட்டும் மற்றவற்றைத் தள்ளிவிட்டுப் பெருகும். 2014ல் வந்த பெரிய ஆய்வுகளில் 70 வயது தாண்டியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி இருப்பது தெரிந்தது. இது புற்றுநோய் அல்ல, அவர்களில் மிகச் சிலருக்கே பின்னால் ரத்தப் புற்றுநோயாக மாறுகிறது. ஆனால் 2017ல் வந்த ஆய்வு, இப்படிப்பட்டவர்களுக்கு மாரடைப்பு போன்ற இதய ரத்தக்குழாய் நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது. காரணம், பிழையுள்ள வெள்ளணுக்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் போய் அழற்சியைக் கிளப்புகின்றன. சுவரைச் சரிசெய்ய உதவ வேண்டிய வம்சமே சுவரைப் புண்ணாக்குகிறது என்பதுதான் இதில் மனதை உறுத்துகிற விஷயம்.

இதற்கென்று நீங்கள் எந்த டெஸ்டும் எடுக்க வேண்டாம். பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள், நடங்கள். 72 வயதில் சுகர் இல்லாமல் இருப்பது பெரிய பலம். ஒருவருக்கு வயதும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் இரண்டும் ஒரே நைட்ரிக் ஆக்சைடையும் ஒரே ஹெச்.ஐ.எஃப்.-1ஐயும் இரண்டு பக்கத்திலிருந்தும் அடிக்கின்றன. 40 வயதில் சர்க்கரை வந்தவர் 60ஐத் தொடும்போது அவருடைய ரத்தக்குழாய்கள் வயதுக்கு மீறி மூத்திருப்பது இதனால்தான்.

காலில் ரத்தக்குழாய் வளரவில்லை என்கிறீர்கள். என் மனைவிக்கோ கண்ணில் தேவையில்லாத ரத்தக்குழாய் வளர்கிறது என்று லேசர் வைத்து, ஊசியும் போடுகிறார்கள். ஒரே சுகர், ஒரே ஆள். எப்படி?
கோவில்பட்டி

அருமையான கேள்வி. இதற்கு முழு விடை இன்னும் யாரிடமும் கிடையாது, தெரிந்தவரை சொல்கிறேன்.

கண்ணிலும் கதை குழாய் அழிவதில்தான் தொடங்குகிறது. விழித்திரையின் நுண்குழாய்களைச் சுற்றிப் பெரிசைட் என்று தாங்கு செல்கள் உண்டு, சர்க்கரையில் முதலில் சாவது அவைதான். பிறகு உட்படலச் செல்களும் செத்து, செல்லே இல்லாத வெறும் கூடாக அந்தக் குழாய் நிற்கும். ஆரோக்கியமானவரின் மஜ்ஜைவழிச் செல்களை, விழித்திரைக் குழாய்கள் இப்படிக் கெட்ட எலிகளின் கண்ணில் செலுத்தினால் அவை அந்தக் கூடுகளில் போய் ஒட்டுகின்றன, சர்க்கரை நோயாளியின் செல்கள் ஒட்டுவதில்லை என்று 2007ல் ஃபுளோரிடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது ஆரம்பத்தில் கண்ணிலும் காலிலும் ஒரே குறைதான், சரிசெய்வது தவறிப்போகிறது.

அப்புறம்தான் பாதை பிரிகிறது. விழித்திரை, உடம்பிலேயே ஆக்சிஜனை அதிகமாகச் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று. குழாய்கள் அழிந்த பகுதி வருடக்கணக்கில் மூச்சுத் திணறிக்கொண்டே வி.இ.ஜி.எஃப்.ஐச் சுரக்கிறது, அது கண்ணுக்குள்ளேயே சேர்ந்து தேங்குகிறது. மிச்சமிருக்கும் குழாய்களிலிருந்து அந்தத் தூண்டுதலில் முளைப்பவை ஒழுங்கான குழாய்கள் அல்ல. தாங்கு செல் இல்லாத, கசிகிற, விழித்திரைக்கு வெளியே, கண்ணின் நடுவில் நிறைந்திருக்கும் கூழை நோக்கி வளர்கிற குழாய்கள். ஒருநாள் அவை வெடித்தால் பார்வையை மறைக்கும் ரத்தக்கசிவு. லேசர், ஆக்சிஜன் கேட்கும் பகுதியைக் குறைக்கிறது. ஊசி, வி.இ.ஜி.எஃப்.ஐத் தடுக்கிறது. காலில் அழைப்பே போதவில்லை, கண்ணில் அழைப்பு மிதமிஞ்சிப் போயும் நல்ல குழாய் கட்ட ஆளில்லை. இரண்டு இடத்திலும் இல்லாமல் போவது உருப்படியான குழாய்தான்.

அதனால்தான் "உடம்பு முழுக்க ரத்தக்குழாயை வளர வைக்கும் மருந்து" என்று யாராவது சொன்னால், சர்க்கரை நோயாளிகள் முதலில் கண்ணைப் பற்றிக் கேட்க வேண்டும். மனைவியை ஊசித் தேதி தவறாமல் அழைத்துப் போங்கள்.

அம்மாவின் காலுக்கு ஆபரேஷன் வேண்டாம், இடுப்பெலும்பிலிருந்து அவருடைய ஸ்டெம் செல்லையே எடுத்துக் காலில் ஊசியாகப் போட்டால் புது ரத்தக்குழாய் வளரும் என்று ஒரு கிளினிக்கில் சொல்கிறார்கள். பல லட்சம் ஆகும். நகையை விற்கலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

விற்காதீர்கள் அம்மா. தயவுசெய்து பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள், வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

இந்த யோசனை போலியாகப் பிறந்தது அல்ல. 2002ல் ஜப்பானில் ரத்தம் வராத கால்களின் தசையில் நோயாளியின் மஜ்ஜைச் செல்களையே ஊசியாகப் போட்டார்கள். நல்ல பலன் தெரிந்ததாக எழுதினார்கள், உலகம் முழுக்க நம்பிக்கை பிறந்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. அதன் பிறகு நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரில் ஜுவென்டாஸ் என்ற ஆய்வை ஒழுங்காக நடத்தினார்கள். காலை இழக்கும் அபாயத்தில் இருந்த 160 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தங்கள் மஜ்ஜைச் செல்களையும் மறுபாதிக்கு அந்தச் செல்கள் இல்லாத போலித் திரவத்தையும் தொடை ரத்தக்குழாய் வழியாக மூன்று முறை செலுத்தினார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 2015ல் முடிவு வந்தது. காலை எடுக்க வேண்டி வந்தவர்களின் அளவில் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் இல்லை. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று, போலித் திரவம் பெற்றவர்களில் பலருக்கும் வலி குறைந்தது, புண் ஆறியது. நல்ல கவனிப்பிலேயே கொஞ்சம் பேர் தேறிவிடுகிறார்கள். ஒப்பிடாமல் "எங்களிடம் வந்த இத்தனை பேர் தேறினார்கள்" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

ஏன் பலிக்கவில்லை என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். எனக்கு வலுவாகப் படுவது, திண்டுக்கல் தம்பிக்கு மேலே எழுதியதுதான். யாருக்கு இந்தச் சிகிச்சை தேவையோ அவருடைய செல்தான் ஏற்கெனவே பழுதாகியிருக்கிறது. நாற்றங்காலிலேயே நோய் கண்ட நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஊசி வேண்டாம், மஜ்ஜையிலிருந்து செல்களை மருந்தால் வெளியேற்றலாமே என்றும் முயன்றார்கள். இத்தாலியின் பாதுவா நகரக் குழு இதில் வருடக்கணக்காக உழைக்கிறது. ஸ்டெம் செல் தானத்துக்காக அந்தச் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குக் கொண்டுவரப் பயன்படும் வழக்கமான ஊசிக்குச் சர்க்கரை நோயாளிகளின் மஜ்ஜை சரியாக அசைவதில்லை என்று காட்டியது அவர்கள்தான். பிளெரிக்ஸாஃபோர் என்ற வேறொரு மருந்துக்கு அசைந்தது. சரி, இதோ வழி என்று புண் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களுக்குப் புண் ஆறியது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். செல்லை ரத்தத்தில் அதிகமாக்குவது வேறு, அது போக வேண்டிய இடத்துக்குப் போய் வேலை செய்வது வேறு. நேர்மையாக நிறுத்தி, நேர்மையாக எழுதினார்களே, அந்த ஆய்வாளர்களை நான் மதிக்கிறேன்.

நம் நாட்டுச் சட்ட நிலைமையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ரத்தம் தொடர்பான குறிப்பிட்ட நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைத் தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சைகள் ஆராய்ச்சி நிலையில் உள்ளவை, பதிவுசெய்த ஆய்வுக்குள் மட்டுமே தர வேண்டும். விதிவிலக்குப் போல ஒன்று உண்டு. ஆரோக்கியமான கொடையாளிகளின் மஜ்ஜையிலிருந்து வளர்த்த செல்களால் பெங்களூரில் தயாரான ஒரு மருந்துக்கு 2016ல் வரம்போடு அனுமதி கிடைத்தது, அது முதலில் பீடி, சிகரெட்டால் இளம் வயதிலேயே கால் ரத்தக்குழாய் அடைக்கும் பர்கர் நோய்க்கு, 2020ல் கொழுப்பு படிந்து கால் ரத்தக்குழாய் கடுமையாக அடைத்தவர்களுக்கும். ஆனால் உங்கள் கிளினிக் சொல்வதுபோல நோயாளியின் சொந்தச் செல் அல்ல அது.

ஆகவே அந்த கிளினிக்கில் இதைக் கேளுங்கள்: இது பதிவுசெய்த ஆய்வா, பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? ஆய்வு என்றால் ஆய்வுக்கான சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்பதே உங்களுக்குப் பதில். அந்தப் பணத்தில் ஒரு பகுதி போதும், அம்மாவை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ரத்தக்குழாய் அறுவைப் பிரிவுள்ள வேறு மருத்துவமனையிலோ காட்டி, அடைப்பைத் திறக்க முடியுமா என்று இரண்டாவது கருத்துக் கேட்கலாம். அரசு மருத்துவமனை என்றால் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் போங்கள். அம்மாவுக்குக் காலைக் காப்பாற்ற நேரம் குறைவாக இருக்கலாம், கிளினிக் வாசலில் அதை வீணாக்க வேண்டாம்.

பேரன் பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமித்தோம். என் சுகர் காலுக்கு அதைப் பயன்படுத்தலாமா?
சேலம்

முடியாது ஐயா. அப்படி ஒரு நிரூபணமான சிகிச்சையே கிடையாது. குடும்பத்தில் குறிப்பிட்ட ரத்த நோய் இருந்தால் தவிர, பிற்காலத்துக்கு உதவும் என்று தனியாகப் பணம் கட்டிச் சேமிப்பதை ஐ.சி.எம்.ஆர். பரிந்துரைப்பதில்லை.

பத்து வருடம் அலட்சியமாக இருந்துவிட்டேன். ஹெச்.பி.ஏ.1.சி. 11 வரை போயிருக்கிறது. ஒன்றரை வருடமாக 7க்குக் கீழே வைத்திருக்கிறேன். பழைய சேதம் போய்விடுமா?
வேன் ஓட்டுநர், விழுப்புரம்

11லிருந்து 7க்குக் கீழே கொண்டுவந்து அங்கேயே வைத்திருப்பது, அதுவும் நேரத்துக்குச் சாப்பாடு இல்லாத உங்கள் வேலையில், எளிதான காரியம் இல்லை. முதலில் அதற்கு என் வணக்கம்.

உண்மையைச் சொல்கிறேன். முழுக்கப் போகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகைச் சர்க்கரை உள்ள 1,441 பேரை வைத்து டி.சி.சி.டி. என்ற ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்குச் சர்க்கரையைக் கறாராகக் குறைத்தார்கள், மறுபாதிக்கு அந்தக் கால வழக்கப்படி. ஆய்வு முடிந்த பிறகு இரண்டு பாதியின் சர்க்கரை அளவும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் வருடங்கள் கழித்துப் பார்த்தால், முன்பு கறாராக இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு மூன்றும் சேர்த்து 57 சதவீதம் குறைவு. பிறகு திருந்தியவர்களால் அந்த இடைவெளியைச் சீக்கிரம் மூட முடியவில்லை. உடம்பு பழைய சர்க்கரையை நினைவில் வைத்திருக்கிறது. மரபணுவின் மேல் ஒட்டும் ரசாயனக் குறிகள் இதற்கு ஒரு காரணம், மஜ்ஜையின் ஸ்டெம் செல்களிலும் அந்தக் குறிகள் படிகின்றன என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

இதைக் கேட்டு மனம் தளர்ந்துவிடாதீர்கள். அதே நினைவு நல்லதற்கும் வேலை செய்கிறது, இன்று நீங்கள் குறைத்து வைக்கும் ஒவ்வொரு வருடமும் பத்து வருடம் கழித்துக் கணக்கில் வரும். கண், சிறுநீரில் புரதம், பாதம் மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் பழைய பத்து வருடத்தின் பலன் இனிமேலும் தலைகாட்டலாம்.

ஸ்டெம் செல்லை அதிகமாக்கும் பவுடர், மாத்திரை என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, எதை வாங்கலாம்?
மதுரை

எதையும் வாங்க வேண்டாம். இந்தச் செல்களை ரத்தத்தில் உயர்த்துவதாக மனிதர்களிடம் காட்டப்பட்டவற்றில் விலையே இல்லாதது நடை. ஜெர்மனியில் இதய நோயாளிகளுக்கு நான்கு வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோதே எண்ணிக்கை கூடியது. புகையை விட்டாலும் சில வாரங்களில் கூடுகிறது என்று ஜப்பானில் காட்டியிருக்கிறார்கள், நிறுத்தியவர்கள் திரும்பப் பிடித்தபோது மறுபடி இறங்கிவிட்டது. கொழுப்புக்குக் கொடுக்கும் ஸ்டாட்டின் மாத்திரையும் உயர்த்துகிறது, அதைப் பக்கவிளைவுப் பயத்தில் தாமாக நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. சிட்டாகிளிப்டின் என்ற சர்க்கரை மாத்திரை எஸ்.டி.எஃப்.-1 சிதைவதைத் தடுத்து இந்தச் செல்களை உயர்த்துகிறது என்று 2010ல் தெரிந்தது. அப்படியானால் மாரடைப்பு குறைய வேண்டும் அல்லவா? 14,000 பேருக்கு மேல் சேர்த்து நடந்த ஆய்வு 2015ல் வந்தது, குறையவும் இல்லை, கூடவும் இல்லை. சர்க்கரைக்கு அது நல்ல மாத்திரைதான், ரத்தக்குழாய்க்கு என்று நினைத்துச் சாப்பிட முடியாது. மறுபக்கம், செமாகுளூடைட் ஊசி கால் ரத்தக்குழாய் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளின் நடைதூரத்தை ஓராண்டில் சுமார் 13 சதவீதம் கூட்டியது என்று 2025ல் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. விலை, வாந்தி, கண் நிலை எல்லாம் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப் பவுடருக்கு இப்படி ஒரு ஆய்வு இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாதத்தின் அடியில் புண் இருக்கும்போது நடை நல்லது என்று நடக்காதீர்கள். அந்தப் புண்ணுக்கு அழுத்தம்தான் எதிரி. புண் ஆறும்வரை கை, தோள் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் கணவருக்கு 15 வருடமாகச் சுகர், கால் மரத்துப்போச்சு. தினமும் நான்தான் கால் கழுவிவிடுகிறேன். எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.
ஒரு இல்லத்தரசி, நாகப்பட்டினம்

நீங்கள் செய்வது எந்த ஸ்டெம் செல்லையும்விட அந்தக் காலை அதிகம் காப்பாற்றும் அம்மா, எனவே விவரமாகவே எழுதுகிறேன்.

வெளிச்சத்தில் உட்கார வைத்து, விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறிப்போய் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். முன்பாதத்தின் அடியில், கட்டைவிரலுக்குக் கீழே தடித்த கால் ஆணி போல இருக்கிறதா என்று உங்கள் கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அந்தத் தடிப்புக்கு நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தால், தோலுக்கு அடியில் ஏற்கெனவே ரத்தம் கட்டிப் புண் உருவாகிவிட்டது, வெளியேதான் தெரியவில்லை. அதை பிளேடால் வீட்டில் சீவக் கூடாது. ஆணி பிளாஸ்திரியும் போடக் கூடாது, அதிலுள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். குதிகால் வெடிப்பு, நகத்தின் ஓரம், செருப்பு வார் படும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். செருப்புக்குள்ளும் கையை விட்டுத் தடவுங்கள், சின்னக் கல்லோ ஆணி முனையோ அவருக்குத் தெரியாது, உங்கள் கைக்குத் தெரியும். கழுவும் தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள், அவர் காலை வைத்துப் பார்க்காதீர்கள். இரண்டு பாதத்திலும் புறங்கையை வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக, வீங்கி இருந்தால் வலி இல்லாவிட்டாலும் அது அவசரம். ஒன்று மட்டும் சில்லென்று, வெளிறி இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு பார்க்கும் டெஸ்டையும், கணுக்காலில் பிரஷர் எடுத்துக் கையின் பிரஷரோடு ஒப்பிடும் டெஸ்டையும் கேட்டு வாங்குங்கள். அந்த விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் அடைப்பு. நீண்ட நாள் சர்க்கரையில் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து விறைத்திருக்கும், அப்போது 1.3ஐத் தாண்டி, நன்றாக இருப்பதுபோலக் காட்டிவிடும். அப்படி வந்தால் சரியாகிவிட்டது என்று திரும்பி வராமல், கால் பெருவிரலில் அழுத்தம் எடுக்கச் சொல்லுங்கள். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் ரத்தக்குழாய் நிபுணரை அந்த வாரமே பார்க்க வேண்டும். விரல் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.